பாகூர் வழி வேண்டாம்

கரிக்கலாம்பாக்கத்தில் நாலு தூறல் போட்டால் முதலில் கரண்ட் போகும், பிறகு நெட் போகும், அதற்கப்புறம் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். நான் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை, சார். அருள்தாஸ் பொறுமைசாலி என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்களுடையது சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி. ஸ்விட்ச் ரூம் என் பொறுப்பு. கம்பம் ஏறுவது, கேபிள் இழுப்பது எல்லாம் புகழ்வேந்தன். என் மனைவி ஸ்டெல்லா வில்லியனூர்ப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடுதான் இருந்தாள். போன வருஷம் பாகூரில் இளங்கோ என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கும் ஒரு நெட் கம்பெனி உண்டு. கூடவே மருத்துவமனை பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஆபீஸ். வீட்டிலிருந்தே செய்யலாம். லேப்டாப் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு நடுவே லேப்டாப்பிலேயே அந்த ஆபீஸ் பெண்களோடு பேசிச் சிரிப்பாள், அவ்வளவுதான். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு நாள், "அப்பப்ப ஆபீசுக்கே வரச் சொல்றாங்க, போவட்டுமாங்க?" என்று கேட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டியைத் தடுக்கிற ஆள் இல்லை நான்.

எங்கள் ரூட்டிங் ஸ்விட்சுக்கு அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள், எந்த இடத்துக்கு எப்படிப் போகலாம் என்று ஓயாமல் வழி சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வழியோடும், அது எந்தெந்த நெட்வொர்க்கைத் தாண்டி வந்தது என்கிற விவரமும் சேர்ந்தே வரும். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் எண். குறிப்பிட்ட எண் அந்தப் பாதையில் எங்கே இருந்தாலும் வழியைத் தள்ளிவிடு என்று ஒரே வரியில் எழுதலாம். தப்பான வழி உள்ளே வராமல் காப்பதற்கான ஏற்பாடு அது. நான் இளங்கோவின் எண்ணைப் போட்டேன். நேராக வந்தாலும் சரி, சென்னையைச் சுற்றி வந்தாலும் சரி, அவர் எண் இருந்தால் எங்கள் ஸ்விட்ச் அதை ஏற்காது.

ஸ்டெல்லாவின் லேப்டாப்பில் எல்லாம் வந்தது, ஆபீஸ் மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். குரங்குத் தொல்லை என்று மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். கொஞ்ச நாளில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் அழுதாள். பிரியாணி வாங்கி வந்து சமாதானப்படுத்தினேன். அந்த நாட்களில் வீடு அமைதியாக இருந்தது.

நெட்டப்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. அவர்கள் ஆன்லைன் பாடங்களை ஏற்றி வைத்திருந்த இடமும் இளங்கோவின் நெட்வொர்க்கில்தான். பாடம் திறக்கவில்லை என்ற அவர்களுடைய புகாரை எடுத்துக்கொண்டு புகழ்வேந்தன் ஒரு மத்தியானம் ஸ்விட்ச் ரூமுக்கு வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது, பாகூர் நம்பர தட்டி வுட்டிருக்க?"

"அது இருக்கட்டும்பா."

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணி அன்னிக்கு வூட்டு வாசல்ல நின்னு என்கிட்ட அழுதாங்கண்ணே. நானும் லைன்லதான் கோளாறுன்னு கம்பம் கம்பமா ஏறி எறங்குனன்." வரியை எடுத்துவிட்டு, அங்கேயே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். வீட்டு வைபையில் அவளுக்கு அழைப்புப் போகும். அதை நான் அடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எர்த் போட வாங்கி வைத்திருந்த இரும்பு ராடு சுவரோரம் இருந்தது. அவன் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடித்தேன். காதுக்கு மேலே பட்டது. நாற்காலியிலிருந்து சரிந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான், அதனால் மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது. மண்டை உடைந்த பிறகும் அவன் கால் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடுகிற அறை, வெளியே சத்தம் போகாது. கை கழுவிக்கொண்டு வந்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன். பிறகு பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லா பையோடு வாசல் கதவருகே நின்றாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போறன். நவுரு."

இத்தனை வருஷத்தில் அவள் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கதவைச் சாத்தினேன். உட்கார், பேசலாம் என்றேன்.

"என்னைக் கேட்டிருந்தா அந்த வேலைய நானே வுட்டிருப்பன். என் முன்னாடியே நின்னு ஆறுதல் சொன்ன பாரு, அதான் தாங்கல." என் சட்டையைப் பார்த்தாள். "இன்னா ரத்தம் இது? புகழு எங்க?"

பதில் சொன்னால் கத்துவாள் என்று தெரிந்தது. கழுத்தைப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பிறாண்டினாள். நீங்கள் போட்டோ எடுத்த காயம் அதுதான். சுவரோடு சேர்த்து அழுத்தினேன், பையைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தாள், நானும் கூடவே மண்டியிட்டேன். அடிக்கவில்லை, சார். பெண்டாட்டியை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை தளர்ந்தது, பிறகு என் முழங்கையின் மேல் சும்மா கிடந்தது. கடைசியில் அவள் போகிறேன் என்று சொல்லவே இல்லை. என்னோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.