ஊர்வலத்தில் ஒப்பாரி

“ஏய்யா மாஸ்டர், இம்புட்டு கல்யாணத்துக்கும் சாவுப் பாட்டயா வாசிச்சுக்கிட்டு இருந்த?”

நிலக்கோட்டைப் பேருந்தில், மடியில் கிளாரினெட் பெட்டி வைத்திருந்த பேண்டு மாஸ்டரிடம் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். அயர்லாந்து நாட்டுப்புறப் பாடல்கள் அடங்கிய ஆல்பம் ஒன்று வந்ததிலிருந்து, திண்டுக்கல் கல்யாண ஊர்வலங்களில் அதன் மூன்றாவது பாட்டுத்தான் ஒலிக்கிறது.

“யாரு சார் சொன்னா?”

“அட்டையிலயே போட்டிருக்கு. கடல்ல செத்தவனுக்கு ஒப்பாரியாம். படிச்சுப் பாக்க மாட்டியா? நாளைக்கு என் மக கல்யாணத்துல அத வாசிச்சே, கிளாரினெட்ட ஒடச்சிருவேன்.”

“மாப்பிள்ளை வீட்டுல அதத்தான் கேட்டிருக்காக. நீங்களே போனப் போட்டு வேணாம்னு சொல்லுங்க.”

ஆசிரியர் செல்பேசியை எடுத்தார். சம்பந்தியின் எண்ணைத் தேடி எடுத்தவர், அழைக்காமலே பைக்குள் போட்டார்.

“சரி, வாசி. கொஞ்சம் வேகமா வாசிச்சிரு.”