முயல் வைத்த பரீட்சை

எனக்குத் தூசி ஆகாது, மேடம். அதனால்தான் கம்ப்யூட்டர் அறையின் சாவியைப் பதினாறு வருஷமாக யாரிடமும் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு திரைகளையும் காலையில் நானே துடைப்பேன். பிள்ளைகள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வந்து உட்காருவார்கள். நான் அடிக்கிற டீச்சர் இல்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் கூப்பிட்டு, பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு இனி என் பொறுப்பு என்றார். வேறு யாராவது என்றால் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் வாரம் ஒரு வகுப்பு எடுத்தேன். பாஸ்வேர்டை உயிர்த் தோழிக்கும் சொல்லாதே. சீருடையோடு எடுத்த படத்தைப் போடாதே. முகம் தெரியாதவரிடம் வீட்டு முகவரியைச் சொல்லாதே. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, அன்று மாலையே வீட்டுக்குப் போய் அத்தனையையும் செய்தார்கள்.

பெற்றோர் கூட்டம் போட்டேன். நூற்று நாற்பது வீடுகளுக்குக் கடிதம் போனது. ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், வேறு கூட்டம் என்று நினைத்து வந்துவிட்டேன் என்று எழுந்து போனார். ஒரு அப்பா கடைசிவரை தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுப் பிள்ளை அப்படியெல்லாம் இல்ல டீச்சர், ரொம்ப விவரம்" என்றார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

எவ்வளவு விவரம் என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

வீடு கட்டி விளையாடும் ஒரு விளையாட்டில் பிள்ளைகள் எல்லாரும் அப்போது பைத்தியமாக இருந்தார்கள். விளையாடிக்கொண்டே பேச அதில் சாட் உண்டு. முயல் படம் போட்டு, பத்து வயதுச் சிறுமி என்று நான் ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயரும் முயல்தான். மூன்று வாரத்தில் ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர் முயலுக்குச் சிநேகிதம். அநேகமாக எல்லாரும் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நான்கு பேர் வீட்டு முகவரியை. ஒருத்தி, சாவியை எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்கள் என்பதுவரைக்கும் சொன்னாள். எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்தேன். அடுத்த கூட்டத்தில் அந்த அப்பாவின் கையில் கொடுக்கலாம் என்று.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. காகிதத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, மேடம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்திதான் அந்தப் பெண். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்களாம். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அப்பா இல்லை. அம்மா நர்ஸ், பாதி நாள் இரண்டு ஷிஃப்ட். போன் ரிப்பேர் கடை வைத்திருந்த தாய்மாமன், பழைய டேப்லெட் ஒன்றைச் சரிசெய்து, சிம்மும் போட்டுக் கொடுத்திருந்தார். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை அவளும் அதுவும்தான். மற்றவர்கள் முயலோடு விளையாடினார்கள். இவள் முயலிடம் பேசினாள். சாப்பிட்டியா என்று கேட்பாள். இடி இடித்தால், பயப்படாதே நான் இருக்கேன் என்று எழுதுவாள். அம்மாவின் உடுப்பில் வரும் மருந்து வாசனை பிடிக்கும் என்பாள். நானும் பதில் எழுதுவேன். பொய் எதற்கு, எனக்கும் அந்த நேரம் பிடித்திருந்தது.

எழுத்துப் பிழைதான் தாங்காது. பொறுமைக்குச் சின்ன ர போடுவாள். நான் திருத்துவேன். கை தானாகச் செய்த வேலை அது. "பத்து வயசுப் பிள்ளை சின்ன ர, பெரிய ற பார்த்துத் திருத்துமா டீச்சர்?" என்று போன வாரம் நீங்கள் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. கெட்டிக்காரத்தனமான கேள்வி. என் வகுப்பில் இருந்திருந்தால் உங்களை முன் பெஞ்சில் உட்காரவைத்திருப்பேன்.

பள்ளிக்குப் பின்தெருவில், பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று இருக்கிறதே, அங்கே வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு. அவள் வருவாள். யாரும் இருக்கமாட்டார்கள். பயந்து வீட்டுக்கு ஓடுவாள். ஆயுசுக்கும் முகம் தெரியாத யாரையும் நம்பமாட்டாள். தடுப்பூசி மாதிரிதான். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

நான் எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கேள்வித்தாள் நகல் எடுக்க வேண்டியும் இருந்தது. அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள், கையில் ஒரு காகிதப் பையோடு. அதற்குள் இருந்தது என்ன என்று உங்கள் போலீஸ் அறிக்கையில்தான் படித்தேன். அவளே வரைந்த ஒரு வீடு. முயலுக்கு ஒரு ஜன்னல், அவளுக்கு ஒரு ஜன்னல்.

இருபது நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பிப் போகப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை, மேடம். தோழி வரவில்லையே என்ற சலிப்பு மட்டும்தான். அப்படியே போயிருந்தால் என்ன கற்றுக்கொண்டிருப்பாள்? போனை எடுத்து, 'போயிடாத. நான் மேல இருக்கேன். ரெண்டாவது மாடி' என்று எழுதினேன்.

படித்தாள். மேலே பார்த்துக் கையசைத்தாள். படியேறினாள்.

உள்ளே வெளிச்சம் இல்லை. லிஃப்டுக்கு விட்டிருந்த குழிக்குத் தடுப்பும் இல்லை. அது எனக்குத் தெரியும், தினமும் அந்த வழியாகத்தான் நடந்து வருகிறேன். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் நிமிரக்கூட இல்லை. நகல்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் முயலின் கணக்கை அழித்தேன். அவளை மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் உடனே போகவில்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

டேப்லெட் அவளோடு விழுந்து நொறுங்கியிருந்தது. அதிலிருந்து எழுத்துகளை மீட்க உங்கள் ஆட்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. அதுவரைக்கும் அந்த மாமாவைச் சந்தேகத்தில் உள்ளே வைத்திருந்தீர்கள். அவர் கடைக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். "மூஞ்சியப் பார்த்தாலே தெரியலையா?" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர்மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? எந்தக் கட்டுப்பாடும் வைக்காமல் ஒரு குழந்தையின் கையில் கொடுத்தவர் அவர்தானே.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. விவரமான பிள்ளையின் அப்பா முதல் வரிசையில், நோட்டும் பேனாவுமாக. வாலுவின் அம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவ்வளவு சொல்லிக் குடுத்தும் எம் பொண்ணு கேக்காம போயிட்டாளே டீச்சர்" என்று அழுதார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன்.

ஒன்றை மட்டும் அந்த அம்மாவிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவள் கேட்காமல் போகவில்லை. யாராவது தனியே வரச் சொன்னால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் என் பாடம்தான். இத்தனை பிள்ளைகளில் நான் சொன்னதைச் செய்தது அவள் ஒருத்திதான். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், வகுப்பு கலைந்த பிறகு என் மேசையோரம் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு ஃபிரெண்டு என்னைப் பாக்கணும்னு கூப்பிடுறா. நேர்ல பாத்ததில்ல. அம்மா டூட்டில இருக்காங்க. போகட்டுமா? நீங்க வேணாம்னா போகல."

நான் நோட்டுகளிலிருந்து நிமிரவில்லை.

"நீ பெரிய பொண்ணு. உனக்கே தெரியணும்" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும், மேடம். டீச்சரே விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன பரீட்சை.