கழுத்தில் தடவிய சாம்பிள்

2006 ஏப்ரல், உச்சி வெயில். விருத்தாசலத்தில் இன்னும் கிளம்பாத பாண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டுப் பெண் ஒரு சின்ன டப்பாவிலிருந்து கிரீமை எடுத்துப் பின்கழுத்தில் தடவினார். பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“இது குளிர்ச்சி இல்லண்ணே, பயமுறுத்துது.”

“மென்தால அள்ளிக் கொட்டிட்டான்போல. நாம செராமிக் ஃபேக்டரில வேலை பாத்தப்போ, சூளைகிட்ட நிக்கிறவங்க களிமண்ணக் கரைச்சு கழுத்துல பூசிக்குவோமே, அத கம்பெனில சொன்னியா?”

“சொன்னேங்க. அந்தக் குளிர்ச்சி வேணும்னுதானே கிரீமே செய்யக் கொடுத்தேன். பாண்டி கம்பெனிக்காரரு சிரிக்கிறாரு. மண்ணு காஞ்சா விரிசல் வுடும், யாரு வாங்குவாங்கன்றாரு.”

“விரிசல் வுட்டாதானே திரும்பப் பூசணும்னு தெரியும்.”

“ஈர மண்ணு வாசனைக்கே பாதிச் சூடு எறங்கிடும், இல்லண்ணே?”

“ம். அங்க பீங்கான் பொம்மைக்குக் கண்ணு எழுதுறப்பகூட நீ கழுத்துல மண்ணோடதான் உக்காந்திருப்ப.”

அந்தப் பெண் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

“இன்னைக்கு இந்த சாம்பிளுக்குக் கையெழுத்துப் போட்டாதான் கோடைக்குள்ள சரக்கு வருமாம்.”

கையெழுத்து விழுந்துவிட்டால், அப்புறம் எந்தக் கம்பெனியும் கலவையை மாற்றாது. ஒப்புதல் படிவத்தில் ஈர மண் வாசனைக்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

“போடப் போறியா?”

“இல்லண்ணே. மென்தால எடுத்துட்டு, மண்ணப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லப் போறேன்.”

“அதுக்குள்ள வெயிலு போயிடுமேம்மா.”

“நம்ம ஊர்ல இருந்துகிட்டு, வெயிலு தீந்துடும்னு பயப்படுறீங்களே.”