சந்தனம் வைத்த பிளாப்பி

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை, மலேசியாவில் கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள்:

“சாமி கும்பிட்டதுலேருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரு எந்திரிக்கவே மாட்டேங்குது தம்பி. போன வாரம் நாந்தான், ரெண்டு சிஸ்டம் ஓடட்டும்ன்னு, உள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க்க ரெண்டா பிரிச்சேன். ஒரு பக்கம் டாஸ், ஒரு பக்கம் யுனிக்ஸ். இப்ப ரெண்டுமே வரல. ஒம்பது மணிக்கு பாஸ் வந்தா நான் செத்தேன் லா.”

“பிரிச்சதுக்கப்புறம் வந்துச்சா?”

“நேத்து காலை வரைக்கும் ரெண்டும் நல்லா வந்துச்சு.”

“பூஜையில என்னா செஞ்சீங்க அக்கா?”

“பூஜையன்னிக்கு கம்ப்யூட்டரோட வாய் வெறுமனே இருக்கக் கூடாதுன்னு, புது பிளாப்பி ஒண்ணுக்குச் சந்தனம் வெச்சு உள்ள தள்ளுனேன்.”

அவன் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“கோயிலுக்குப் போனா மொதல்ல யார பாப்பீங்க?”

“பிள்ளையார.”

“கம்ப்யூட்டரும் அப்படித்தான், எந்திரிக்கிறப்ப மொதல்ல பிளாப்பியத்தான் பாக்கும். அதுல ஒண்ணுமில்லேன்னா அங்கேயே நின்னுரும், டிஸ்க்குப் பக்கமே போகாது. வெளிய எடுத்துருங்க, போதும்.”

“ஐயோயோ! பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா நேந்துக்கிட்டேனே!”

“ஒடைங்க லா. ரெண்டா பிரிக்கத்தான் உங்களுக்கு நல்லா வருதே!”