என் பூட்டை நான் எடுத்துக்கொண்டேன்

எங்கள் கம்பெனியில் மனக்குறைகளைச் சொல்வதற்கென்றே வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், ஐயா. அன்று கொடுக்கும் பிஸ்கட் நன்றாக இருக்கும்.

மனிதவள அதிகாரி எதிரே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாக்கலாம்'. சம்பளமா, பாக்கலாம். பதவி உயர்வா, பாக்கலாம். என் தலை முழுக்கக் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சூப்பர்வைசர் வேலையை நான் கேட்டபோதெல்லாம், "உங்களை விட்டா அந்த மிஷினை ஓட்ட ஆளேது சார்?" என்று முதுகில் தட்டினார். வேலை தெரிந்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. மிஷின் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள் அவர்.

போன மாதம் அந்த வேலையை என் மச்சினனுக்குக் கொடுத்தார்கள். என் மனைவியின் தம்பி. சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கெட்டவன் இல்லை. முதல் சம்பளத்தில் எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தான். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பளபளப்பாகப் பேசுவான். நிர்வாகத்துக்கு அது போதும். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பிக்குக் கீழ வேலை செய்யறதுல என்னங்க இருக்கு, நம்ம பிள்ளைதானே" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஓட்டுவது சோப்புத் தூள் கலக்கும் மிஷின். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் கட்டியைச் சுரண்ட ஆள்தான் இறங்க வேண்டும். இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்சைப் போட முடியாது. அடுத்தவன் பூட்டில் யாரும் கை வைக்க மாட்டோம். ஷிப்ட் முடிந்தால் அவரவர் பூட்டை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பதவி உயர்வு கொடுத்த அன்று நிர்வாகம் மச்சினனுக்குக் கேக் வெட்டியது, கைகுலுக்கிப் படம் எடுத்தது. தொழிலாளிப் பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சூப்பர்வைசர் பூட்டைக் கொடுக்க மறந்துவிட்டது. அவன் போய்க் கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று நான் கட்டி சுரண்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். உள்ளே தூளைக் கலக்குகிற இறக்கை ஒன்று வளைந்திருப்பதாகச் சொன்னேன். புதிய சூப்பர்வைசருக்கு அதைத் தானே பார்த்துவிட ஆசை. "எங்கிட்ட பூட்டு இல்லையே மாமா" என்றான்.

"என் பூட்டு தொங்குதுல்ல, இறங்கு."

அவன் இறங்கினான்.

ஷிப்ட் மணி அடித்தது. விதிப்படி என் பூட்டை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஷிப்ட்காரன் வந்து, "உள்ள யாராவது இருக்காங்களாண்ணே?" என்று கேட்டான்.

"பூட்டு தொங்குதா பாரு."

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன கேள்வி?"

கை கழுவப் போனேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

நிர்வாகம் அதை விபத்து என்றது. ஷிப்ட்காரனை வீட்டுக்கு அனுப்பியது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டதாக அவன் கத்தினான். அந்தக் கட்டடத்தில் யார் சொன்னதைத்தான் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? கொடுக்காத பூட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. என் மனைவி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நீங்க பக்கத்துல இருந்திருந்தா என் தம்பியை விட்டிருக்க மாட்டீங்க" என்று என் தோளில் சாய்ந்தே அழுகிறாள். பாவம், அவளுக்காக வருத்தப்படுகிறேன்.

பொறாமையால் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. ஒரு பூட்டைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் துப்பில்லாத நிர்வாகம் எது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். அந்த நாற்காலி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்று காலை வெளியிலிருந்து எவனோ ஒருவனைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார்கள். நானும் கைதட்டிவிட்டு, நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.