மூன்றாவது ஒயர்

மணி மூன்று. பகல் மூன்று. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஊருக்கு வெளியே ஒரு தெரு... கொளுத்தும் வெயில், ஒரு ஈ காக்கை இல்லை. தோளில் ஏணியோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார் அத்தான். எனக்கு அத்தான் இல்லை, என் ஆபீஸ் சிநேகிதனின் அக்கா புருஷன், எலக்ட்ரீஷியன். அவர் சிநேகிதனிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சிரிக்க வேண்டும் என்றால் இப்போதே எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள். இருட்டாகத்தான் இருக்கிறது.

அவர் போனது மூன்று தளமுள்ள ஒரு வாடகை வீட்டுக்கு. மூன்று மாதம் முன்பு அங்கே தீப்பிடித்தது. கீழே ஒரு சோபா புகைந்தது. மேல்மாடியில் தையல்காரப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். தளத்துக்கு ஒன்றாகப் புகை அலாரம் இருந்தது. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? மெயின் கரண்டில் ஓடும் அலாரத்துக்குப் பேஸை, அதாவது கரண்ட் வரும் ஒயரை, சுவிட்சுக்கு முன்னால் எடுக்க வேண்டும். அப்போதுதான் எப்போதும் கரண்ட் இருக்கும். அத்தான் படிக்கட்டு லைட் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருந்தார். சமைத்தாலே கத்துகிறது, அணைக்க ஒரு வழி வேண்டும் என்று ஓனர் சொன்னார், இவர் தலையாட்டினார். உள்ளே போட வேண்டிய பேட்டரியையும் ஓனர் போட விடவில்லை. அன்று இரவு படுக்கப் போனவர்கள் லைட்டை அணைத்தார்கள். அலாரமும் அணைந்தது. இதைக் கொலை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இப்போது வீட்டுக்குப் புதுப் பெயின்ட், புது அலாரங்கள். மறுநாள் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவருகிறது.

"பழைய மாதிரியே சுவிட்சுல குடுத்துடு," என்றார் ஓனர்.

"சார்... மூணு உயிர் போச்சு சார்."

"விதி முடிஞ்சவங்க போனாங்க. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அத்தானுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பிரயோஜனம்? ஏணியில் ஏறினார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மெயினை அணைத்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார்... கரண்ட் இல்லை. அலாரத்துக்கு மூன்று ஒயர். பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. மூன்றாவது, எல்லா அலாரத்தையும் ஒன்றோடொன்று இணைப்பது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். கீழே மாட்டினார், நடுவில் மாட்டினார். கடைசியாக மேல்மாடி.

மாட்டிக் கையை எடுத்தார். கீ... கீ... கீ...

மெயின் அணைந்திருக்கிறது. பேட்டரி கிடையாது. ஆனாலும் கத்துகிறது. நடு மாடியில் ஒன்று சேர்ந்துகொண்டது. பிறகு கீழே. பெயின்ட் வாடை போய்விட்டது... துணி பொசுங்கும் நாற்றம், முடி பொசுங்கும் நாற்றம். படிக்கட்டில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கின. வாசல் கதவுவரை போய் நின்றன. படியில் ஆள் இல்லை.

"அதப் பிடுங்குடா," என்று கீழேயிருந்து ஓனர் கத்தினார்.

"பிடுங்க மாட்டேன்."

வாழ்க்கையில் முதல்தடவையாக அத்தான் எதிர்த்துப் பேசினார். இறங்கிவந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். பேஸை சுவிட்சுக்கு முன்னால் மாற்றினார். திருகாணியை இறுக்கியதும் சத்தம் நின்றது. ஓனர் ஒளித்து வைத்திருந்த பேட்டரிகளை அவரிடம் கேட்டார். மனுஷன் எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் குழந்தைக்கு இனி பயமில்லை, நம் பாவமும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டுதான் அத்தான் வீடு திரும்பினார். வாசலிலேயே அக்கா கேட்டாள்:

"ஏங்க, பிள்ளைங்க ரூம்ல அத எப்ப மாட்டினீங்க?"

"எத?"

கட்டிலுக்கு நேர்மேலே, கூரையில், ஒரு அலாரம். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தான் தன் வீட்டில் அதுவரை ஒரு அலாரம்கூட மாட்டியதில்லை.

ஏணியைப் போட்டுத் திருகிக் கழற்றினார். பின்னால் பேஸ் இல்லை, நியூட்ரல் இல்லை. மூன்றாவது ஒயர் மட்டும் கூரைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தார்.

ஒரு சாண் வந்தது.

பிறகு... அந்தப் பக்கத்திலிருந்து, சின்னக் கைகள் மாறி மாறி இழுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தது.