நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

— கம்ப்யூட்டர்ல உங்க வெப்சைட் நல்லாத்தானே தெரியுது மாமா?

— கம்ப்யூட்டரைத் திறந்து எவன் பம்ப் மெக்கானிக்கைத் தேடுறான்? டேங்க்ல தண்ணி ஏறலைன்னா கையில இருக்குற போனைத்தான் தட்டுவான். எதிர்வீட்டம்மா போன்ல பாத்தேன் மாப்ள. ‘தோள்பட்டை ஆபரேஷன், இப்போதைக்கு வேலை எடுப்பதில்லை’ன்னு நீ போட்ட போர்டு இன்னும் தொங்குது.

— அது வெப்சைட்ல நான் சேத்த பிளக்இன்னு ஒரு குட்டி புரோகிராம் பண்ற வேலை. போன்ல பக்கம் சட்டுனு திறக்கணும்னு பழசை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். வர்றவங்களுக்கு அதையே காட்டும்.

— ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. அந்தக் காப்பி இன்னுமா ஊசிப்போகல?

— அந்த பிளக்இன் கம்பெனி சப்போர்ட்டுக்கு எழுதியிருக்கேன்ல.

— என்னங்கிறான்?

— மொதல்ல ஸ்க்ரீன்ஷாட் கேட்டான், அனுப்பினேன். வெர்ஷனை மாத்துன்னான், மாத்தினேன். அப்புறம் வேற ஒருத்தன் வந்து மறுபடி ஸ்க்ரீன்ஷாட் கேட்டான். கடைசியா, உங்க பக்கத்தோட வேகம் நூத்துக்குத் தொண்ணூத்தேழு, வாழ்த்துகள்னு எழுதினான்.

— கடை இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குடா அவ்வளவு வேகம்?

— நானும் அதையேதான் கேட்டேன்.

— அந்தக் கடுதாசியெல்லாம் காட்டு. எழுத்துக் கூட்டியாவது நாலு வரி நான் எழுதுறேன் அவனுக்கு.

— அது ஆபீஸ் மெயில்ல இருக்கு மாமா. இங்க திறக்காது.

— உனக்கு எதுதான் இங்க திறக்கும்? உங்கக்காகிட்டச் சொன்னா, வர்ற வேலை வரும்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்.

— டாக்டர் மூணு மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாதுன்னாரே.

— அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. ஓடாத மோட்டார் கெட்டியா இறுகிப்போகும் மாப்ள. மனுசனும் அப்படித்தான். ஊர்ல இருக்குறவன்லாம் வேற ஆளைப் புடிச்சிருப்பான்.

— இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க.

— பொறுத்தாச்சு. சிமெண்ட் குடோன்ல பேர் கொடுத்துட்டேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு லாரி வருது. மூட்டை இறக்கணும்.

— மூட்டையா? அந்தத் தோள்லயா?

— இன்னொரு தோள் எதுக்கு இருக்கு?

— வேணாம் மாமா. சொன்னாக் கேளுங்க.

— அப்ப என் பக்கத்தைச் சரி பண்ணு. இன்னிக்கே பண்ணு. இல்லைன்னா அந்த சப்போர்ட்காரன் நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன்.

— அவன் சரி பண்ணிக் குடுத்து மூணு வாரமாச்சு மாமா. போன்ல மட்டும் அந்தப் போர்டைத் திரும்ப மாட்டச் சொன்னது அக்கா.